நர்ஸம்மா வந்திருக்காங்க!

"நர்ஸம்மா வந்திருக்காங்க!"

தெருமுனையில் ஒரு பொடியன் இப்படிக் கத்தினால் போதும். அடுத்த இரண்டு நிமிடத்தில் வீட்டுக்குள் என்னென்ன நடக்கும் தெரியுமா? பால் பாட்டில் அரிசி டிரம்முக்குப் பின்னால் போய்விடும். குழந்தையின் தொப்புளில் தடவிய எண்ணெயை அவசரமாகத் துடைப்பார்கள். பிரிக்காமலேயே கிடக்கிற சத்து மாத்திரை அட்டைகள் தலையணைக்கு அடியில் ஒளிந்து கொள்ளும். உரை மருந்துக் கல்லைக் கவிழ்த்து வைப்பார்கள். கிழிந்த பாயைச் சுருட்டி மூலையில் சாய்த்துவிட்டு எல்லாரும் சிரித்த முகத்தோடு வாசலுக்கு வருவார்கள்.

"வாங்க நர்ஸம்மா, வாங்க!"

போலீஸ் வரவில்லை. வட்டிக்காரர் வரவில்லை. வருவது குழந்தையையும் தாயையும் பார்த்துவிட்டுப் போக அரசாங்கம் அனுப்புகிற ஒரு செவிலியர். பைசா செலவில்லாமல் வீடு தேடி வருகிற உதவி. அதைக் கண்டு எதற்காக ஒளிக்க வேண்டும்? ஏழைத் தாய்க்கு அறிவு போதாது என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அப்படி ஒளித்து வைத்த ஒரு தாயின் பக்கமிருந்து பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது.

திருச்சி மாவட்டத்தில் ஒரு கிராமம். ஊருக்கு வெளியே காலனி. அங்கே ஓர் ஓட்டு வீடு. அந்த வீட்டு மருமகள் பத்தாவது வரை படித்தவள். கணவனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, மாதம் ஒருமுறை வருவான். மாமியார் நூறு நாள் வேலைக்கும், அது இல்லாத நாட்களில் களை எடுக்கவும் போவார். 2016-ல் முதல் பிரசவம், பெண் குழந்தை. அப்போது அவளுடைய அம்மா உயிரோடு இருந்ததால் தாய் வீட்டில் பத்தியச் சாப்பாடு, வெந்நீர்க் குளியல் எல்லாம் முறையாக நடந்தன. 2019-ல் இரண்டாவது பிரசவம் வந்தபோது அம்மா இல்லை. அரசு மருத்துவமனையில் குழந்தை பிறந்தது. எடை 2.1 கிலோ. மறுபடியும் பெண். போனில் விஷயத்தைக் கேட்ட கணவன், "சரி" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னான். அவன் திட்டியிருந்தால் கூட அழுது தீர்த்திருப்பாள். அந்த "சரி"யை என்ன செய்வது என்று தான் அவளுக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் குழந்தையோடு நேராக மாமியார் வீட்டுக்கு வந்தாள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் இன்றைக்கு வீட்டில் நடக்கும் பிரசவம் என்பது ஏறக்குறைய இல்லை. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் தான் நடந்தன. சிசு மரணமும் நன்றாகக் குறைந்துவிட்டது. 2020-ல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 28 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தபோது தமிழ்நாட்டில் அது 13 தான். பெருமைப்பட வேண்டிய எண்கள், சந்தேகமே இல்லை. ஆனால் மருத்துவமனையில் ஒரு தாய் இருப்பது இரண்டு மூன்று நாள். மிச்ச நாளெல்லாம் வீட்டில் தானே? அழுகிற குழந்தையும், ஊறாத பாலும், தூங்காத ராத்திரியும் எல்லாம் வீட்டில் தான். அதனால் தான் வீடு தேடிப் போகும் ஏற்பாட்டையும் அரசு வைத்திருக்கிறது. பச்சிளங்குழந்தையை வீட்டிலேயே போய்ப் பார்க்கும் தேசியத் திட்டம் 2011-ல் வந்தது. மருத்துவமனையில் பிறந்த குழந்தை என்றால் 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில், ஆக ஆறு முறை பார்க்க வேண்டும். வட மாநிலங்களில் இந்த வேலையை ஆஷா பணியாளர்கள் செய்கிறார்கள். தமிழ்நாட்டில் மலைப்பகுதி, பழங்குடிப் பகுதி போன்ற இடங்களில் மட்டும் தான் ஆஷாக்கள் உண்டு. மற்ற இடங்களில் பாரம் முழுவதும் கிராம சுகாதார செவிலியர் தலையில். ஊர் ஜனங்களுக்கு அவர் நர்ஸம்மா.

மூன்றாம் நாள் மாலையே நர்ஸம்மா வந்துவிட்டார். கடமையில் குறை சொல்ல முடியாது. துணித்தொட்டிலில் குழந்தையைப் போட்டுத் தராசில் மாட்டித் தூக்கினார். சரியாக இரண்டு கிலோ. தொப்புளைப் பார்த்தார், ஜுரம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். தாய் சேய் அட்டையில் எழுதிக்கொண்டே கேட்டார்.

"தாய்ப்பால் தானே குடுக்குற?"

"ஆமாங்க."

"மாத்திரை எல்லாம் சாப்பிடுற தானே?"

"ஆமாங்க."

நாலைந்து நிமிடம் தான். ஸ்கூட்டி கிளம்பிப் போய்விட்டது.

அந்த "தானே"வைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். தமிழில் இது ஒரு சின்னச் சொல். ஆனால் கேள்வியின் கடைசியில் வந்து உட்கார்ந்துவிட்டால் பதிலையும் அதுவே சொல்லிவிடும். "சாப்பிட்டாச்சு தானே?" என்று கேட்கிற வீட்டில் பசிக்கிறது என்று எந்த விருந்தாளியாவது சொல்வாரா? இல்லை என்று சொல்ல அங்கே இடமே இல்லை.

உண்மையில் அந்த வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது? குழந்தை ராத்திரி எல்லாம் அழுதது. "பால் பத்தல, அதான் அழுவுது" என்று மாமியார் முடிவு கட்டினார். அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. மூன்று பெற்று ஒன்றைப் பறிகொடுத்தவர். குழந்தை அழுதால் அவருக்கு வயிற்றைக் கலக்கும். முதலில் சர்க்கரைத் தண்ணீர், அப்புறம் உரை மருந்து, ஐந்தாம் நாள் பால் பவுடர் டப்பா. டப்பா ஒன்று ஒரு நாள் கூலியை அப்படியே விழுங்கிவிடும். அதனால் இரண்டு கரண்டி போட வேண்டிய இடத்தில் ஒரு கரண்டி. நிறம் மட்டும் பாலாக இருக்கும் தண்ணீர். புட்டிப்பாலில் குழந்தையின் வயிறு நிறைய நிறைய, தாயிடம் குடிப்பது குறைந்தது. குடிப்பது குறையக் குறைய, சுரப்பதும் குறைந்தது. கடைசியில் "பால் பத்தல" என்ற வார்த்தை உண்மையாகவே ஆகிவிட்டது!

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் பெறுகிற குழந்தைகள் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 55 பேர் தான் என்கிறது அதே 2019-21 கணக்கெடுப்பு. மற்ற வீடுகளில் எல்லாம் ஏதோ ஒரு டம்ளர், ஏதோ ஒரு பாட்டில் எங்கேயோ இருக்கிறது.

சரி, அவள் நர்ஸம்மாவிடம் ஏன் சொல்லவில்லை?

காரணம் ஒன்று: 2016. முதல் குழந்தைக்கு நாலு மாதம் இருக்கும்போது அவள் வீட்டில் பாட்டிலைப் பார்த்துவிட்டார் இதே நர்ஸம்மா. வாசலில் வைத்தே, பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலு பேர் நிற்கும்போதே, "படிச்ச பொண்ணு தானே நீ? புள்ளையைக் கொல்லப் பாக்குறியா?" என்று கத்திவிட்டார். நாலு பேரில் ஒருத்தி சிரித்தாள். நர்ஸம்மாவுக்கு அது அன்றைக்கு மாலையே மறந்து போயிருக்கும். இவளுக்கு மூன்று வருஷமாகியும் மறக்கவில்லை. அன்றைக்கு அவள் ஒரு பாடம் படித்தாள். பாட்டில் கொடுக்கக் கூடாது என்ற பாடம் அல்ல. பாட்டிலை வெளியே தெரியும்படி வைக்கக் கூடாது என்ற பாடம்.

காரணம் இரண்டு: பணம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் ஏழைத் தாய்மார்களுக்கு மகப்பேறு நிதியுதவித் திட்டம் இருக்கிறதே, அது 2006-ல் 6,000 ரூபாய், 2011-ல் 12,000 ரூபாய், 2018-ல் ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் சேர்த்து 18,000 ரூபாய் என்று வளர்ந்து வந்தது. தவணை தவணையாகத் தான் வரும். கர்ப்பத்தைப் பதிவு செய்வது, பரிசோதனை, தடுப்பூசி என்று ஒவ்வொன்றாக முடித்து, அது கம்ப்யூட்டரில் ஏறினால் தான் அடுத்த தவணை. ஏற்ற வேண்டியவர் யார்? நர்ஸம்மா. பணத்தை நிறுத்துகிற அதிகாரம் அவருக்கு இருக்கிறதா இல்லையா என்பது வேறு விஷயம். "அவங்களைப் பகைச்சிக்கிட்டா காசு வராது" என்பது தான் தெருவில் இருக்கும் நம்பிக்கை. யோசனை சொல்வதும் ஒரே ஆள், காசுக்கு வழி செய்வதும் அதே ஆள் என்றால், அந்த ஆளிடம் யார் தான் குறையை அவிழ்ப்பார்கள்? ஆடிட்டர் வரும்போது கடைக்காரர் செய்கிற வேலையைத் தான் அந்தத் தாயும் செய்கிறாள். புத்தகத்தைச் சரியாக வைத்துக்கொள்கிறாள்.

காரணம் மூன்றை அவளே யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. எதற்கென்று தெரியாமல் அழுகை வந்தது. குழந்தை பக்கத்தில் கிடந்து கத்தும்போது சில நேரம் கை நீட்டித் தூக்கவே தோன்றாது. "பெத்த தாய்க்கு இப்படித் தோணுமா, நான் மனுஷியா?" என்று பயந்தாள். இதற்கு ஒரு பெயர் இருக்கிறது, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு. வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் 359 பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2002-ல் வெளியானது. அதில் நூற்றுக்கு 11 பேருக்குப் பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. யாருக்கு அதிகமாக வருகிறது என்றும் பார்த்திருந்தார்கள். குறைந்த வருமானம், பையனை எதிர்பார்த்துப் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் உறவு சரியில்லாதது, கர்ப்ப காலத்தில் வந்த பெரிய கஷ்டங்கள், கைவேலைக்கு ஆள் துணை இல்லாதது. இந்தப் பட்டியலை அவள் படித்திருந்தால் யாரோ தன் வீட்டுக்குள் வந்து எட்டிப் பார்த்து எழுதியது போல இருந்திருக்கும். ஆனால் தாய் சேய் அட்டையில் குழந்தையின் எடைக்குக் கட்டம் இருந்தது, தடுப்பூசிக்குக் கட்டம் இருந்தது. அவள் அழுகையை எழுத வேண்டிய கட்டம் எது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஏழாம் நாளும் நர்ஸம்மா வந்தார். எடை ஏறவில்லை. "பால் நல்லா குடும்மா" என்றார். "சரிங்க" என்றாள்.

பதினாலாம் நாள் வேறு ஒருவர் வந்தார்.

பழைய நர்ஸம்மா லீவு. பக்கத்துத் துணை சுகாதார நிலையத்து நர்ஸ் தான் இன்சார்ஜ். ஐம்பது வயதிருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். "என்ன வெயிலு! ஒரு சொம்பு தண்ணி குடு தாயி" என்று கேட்டு வாங்கிக் குடித்தார். ஒரு செவிலியர் தண்ணீர் கேட்டுக் குடிப்பது இதில் என்ன பெரிய விஷயம் என்று டவுன்காரர்கள் கேட்கலாம். காலனி வீட்டுச் சொம்பில் யார் தண்ணீர் குடிக்கிறார்கள், யார் குடிப்பதில்லை என்பது அந்தத் தெருவில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். மாமியார் சொம்பை இரண்டு தடவை கழுவிக் கொண்டு வந்தார்.

தராசை அவர் உடனே எடுக்கவில்லை. கேட்ட முதல் கேள்வி இது தான்.

"நீ சாப்பிட்டியாம்மா?"

"சாப்பிட்டேன்."

"என்ன சாப்பிட்ட?"

அவளால் சொல்ல முடியவில்லை. காலையில் ஒரு டம்ளர் வரக்காப்பி. முந்தின நாள் ராத்திரி பத்தியம் என்று கொஞ்சம் பூண்டு ரசம் சோறு. அதைச் சொல்லத் தொடங்கியவள் அழுதுவிட்டாள். அழுகையோடு அழுகையாக எல்லாமே வந்துவிட்டன. பால் பத்தாதது, பவுடர், தண்ணீர் கலந்தது, கணவன் சொன்ன "சரி", குழந்தையைத் தூக்கத் தோன்றாதது, இரண்டு நாளாகக் குழந்தைக்குத் தண்ணியாகப் போவது. கடைசியில் எழுந்து போய் அரிசி டிரம்முக்குப் பின்னால் இருந்த பாட்டிலைத் தானாகவே எடுத்து வந்து முன்னால் வைத்தாள்.

அந்த நர்ஸ் திட்டவில்லை. "ரெண்டு நாளாவா போகுது? எத்தனை தடவை இருக்கும்?" என்று மட்டும் கேட்டார். பிறகு எடை பார்த்தார். 1.9 கிலோ! பிறந்த குழந்தை முதல் சில நாட்களில் எடை குறைவது வழக்கம் தான். ஆனால் பத்து, பதினாலு நாளுக்குள் பிறந்த எடையை எட்டிவிட வேண்டும். இது எட்டவில்லை என்பது மட்டுமில்லை, இன்னும் கீழே இறங்கியிருந்தது. கண் குழிந்திருந்தது. எடை குறைவாகப் பிறந்த பச்சிளங்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் காத்திருக்க நேரம் கிடையாது. அவரே போன் செய்து 108-ஐ வரவழைத்தார். வண்டி வரும் வரை குழந்தையைத் தாயின் நெஞ்சோடு சேர்த்து, மேலே சேலையைச் சுற்றி, சூடு குறையாமல் எப்படி வைத்துக்கொள்வது என்று காட்டினார். மாமியாரைப் பார்த்து, "பெரியம்மா, நீங்க மூணு வளத்தவங்க. இவளுக்கு யாரு இருக்கா? நீங்க தான் இவளைச் சாப்பிட வைக்கணும். இவ சாப்பிட்டா தான் புள்ளைக்குப் பால்" என்றார். குற்றவாளியாக நின்றுகொண்டிருந்த மாமியாருக்குச் சட்டென்று ஒரு வேலை கிடைத்துவிட்டது. மருத்துவமனையில் இருந்த ஐந்து நாளும் தூக்குவாளியில் சோறு கொண்டு வந்தது அவர் தான்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. 42-ம் நாள் எடை 2.7 கிலோ.

ரிஜிஸ்டரில் அந்த நாளுக்கு என்ன எழுதியிருக்கும்? "14-ம் நாள். எடை 1.9. மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டது." அவ்வளவு தான். ஒரு சொம்புத் தண்ணீரும் "நீ சாப்பிட்டியாம்மா?"வும் எந்தக் கணக்கிலும் வராது. ஆனால் அந்த இரண்டும் இல்லாமல் பாட்டில் டிரம்முக்குப் பின்னால் இருந்து வெளியே வந்திருக்குமா?

வணிகவியலில் முதல் வருஷமே சொல்லித் தருகிற ஒரு விஷயம் உண்டு. பண மதிப்பில் அளக்க முடியாத எதுவும் கணக்குப் புத்தகத்தில் ஏறாது. நிர்வாகியின் திறமை, தொழிலாளியின் விசுவாசம் எல்லாம் பேலன்ஸ் ஷீட்டில் இருக்காது, ஆனால் கம்பெனி அதில் தான் ஓடும். வீடு தேடிப் போகும் திட்டங்களின் கதையும் கிட்டத்தட்ட இதே தான். உலகத்தில் பல இடங்களில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள்.

ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரத்து ஏழைப் பகுதிகளில் 1986-87-ல் தொடங்கிய ஓர் ஆய்வு ரொம்பப் பிரபலம். சாலி கிரந்தம்-மெக்ரிகர் என்ற ஆய்வாளர் முன்னின்று நடத்தியது. வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லாத 129 குழந்தைகள். சிலருக்கு வாராவாரம் பால் பவுடர். சிலருக்கு வாராவாரம் ஒரு மணி நேரம் வீட்டுக்கு ஆள் வருவார். சிலருக்கு இரண்டும். மற்றவர்களுக்கு இரண்டும் இல்லை. வந்தவர்கள் டாக்டர்கள் அல்ல, அந்தப் பகுதி சுகாதார உதவியாளர்கள். வீட்டில் கிடக்கிற டப்பா, மூடி, துணி இவற்றால் செய்த விளையாட்டுப் பொருட்களை வைத்துக் குழந்தையோடு எப்படி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டுவார்கள். இரண்டு வருஷம் இது நடந்தது. இருபது வருஷம் கழித்து அந்தக் குழந்தைகள் வேலைக்குப் போன பிறகு தேடிப் பிடித்துப் பார்த்தார்கள். வீட்டுக்கு ஆள் வந்த குழந்தைகளின் சம்பளம், வராத குழந்தைகளின் சம்பளத்தை விட 25 சதவீதம் அதிகம்! 2014-ல் வெளியான முடிவு இது. பால் பவுடரால் மட்டும் அப்படி நீடித்த பலன் எதுவும் தெரியவில்லை. இங்கே கவனிக்க வேண்டியது, அந்த வீடுகளில் தாய் பரீட்சை எழுதுகிற மாணவியாக இல்லை. குழந்தைக்கு அவளையே டீச்சர் ஆக்கினார்கள்.

நம் நாட்டிலேயே மகாராஷ்டிராவின் கட்சிரோலி இருக்கிறது. அபய் பங், ராணி பங் என்ற டாக்டர் தம்பதி அங்கே 39 கிராமங்களில் அந்தந்த ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, பிறந்த குழந்தைகளை வீட்டிலேயே போய்ப் பார்க்க வைத்தார்கள். மூன்றாம் வருஷத்தில் பச்சிளங்குழந்தை மரணம் 62 சதவீதம் குறைந்தது. 1999-ல் அந்த முடிவு வெளியானது. 2011-ன் தேசியத் திட்டத்துக்கு அது ஒரு முன்னோடி. வந்து பார்த்தவள் ஊர்க்காரி. அவளுக்கு முன்னால் ஒளிக்க என்ன இருக்கிறது? அவள் வீட்டிலும் அதே டிரம், அதே பாய் தானே!

எல்லா இடத்திலும் எண்கள் இப்படிக் கை கொடுக்கவில்லை. அமெரிக்காவில் டேவிட் ஓல்ட்ஸ் 1970-களின் கடைசியில் எல்மைரா என்ற சிற்றூரில் தொடங்கிய செவிலியர் திட்டம் அங்கே நல்ல பெயர் வாங்கியது. அதையே இங்கிலாந்து 2007-ல் கொண்டு வந்தது. 19 வயதும் அதற்குக் குறைவுமான 1,645 இளம் தாய்மார்களை வைத்துச் செய்த பரிசோதனையின் முடிவு 2016-ல் வந்தது. புகைபிடித்தல், பிறப்பு எடை, இரண்டு வருஷத்துக்குள் அடுத்த கர்ப்பம், குழந்தையை அவசர சிகிச்சைக்குக் கொண்டு வருவது, இந்த நான்கு முக்கிய அளவுகோலிலும் வழக்கமான சேவையை விடப் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த நான்கும் முக்கியமானவை தான், மறுக்கவில்லை. பணத்தைப் போடுகிற அரசு கணக்குக் கேட்கத் தான் செய்யும். ஆனால் அந்தத் திருச்சி மாவட்டத்து ஓட்டு வீட்டில் பதினாலாம் நாள் நடந்ததை எந்த அளவுகோலில் வைப்பது? தராசை எடுக்கும் முன் கடந்த பத்து நிமிடத்தை எதால் நிறுப்பது?

நர்ஸம்மாக்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. கர்ப்பிணிகள், தடுப்பூசி, குடும்ப நலம், காய்ச்சல் கணக்கெடுப்பு எல்லாம் அந்த ஒருவர் பொறுப்பு. பகல் முழுக்க வீடு வீடாகச் சுற்றிவிட்டு ராத்திரி ரிஜிஸ்டரும் கம்ப்யூட்டர் பதிவும். அங்கன்வாடிப் பணியாளரைக் கேட்டால் அவரும் இதே பாட்டைத் தான் பாடுவார். எடை எடுக்க வேண்டும், சத்து மாவு கொடுக்க வேண்டும், 2021-ல் இருந்து போஷன் டிராக்கர் செயலியில் ஏற்ற வேண்டும், நடுவில் வாக்காளர் பட்டியல் வேலை வேறு. வட மாநிலத்து ஆஷாவுக்கு ஆறு முறை வீட்டுக்குப் போனதற்குச் சேர்த்து ஊக்கத்தொகை 250 ரூபாய் என்று 2011-ல் வகுத்தார்கள். ஆறால் வகுத்துப் பாருங்கள், ஒரு தடவைக்கு 42 ரூபாய் கூட வராது. அந்த 42 ரூபாய்க்குள் தரையில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, அழுகையைக் கேட்டு, மாமியாரையும் சமாதானப்படுத்த வேண்டும்!

இன்னொன்றும் உண்டு. ஓர் ஊரில் குழந்தை இறந்தால் விசாரணை நடக்கும். ஏன் கவனிக்கவில்லை என்ற கேள்வி நேராக நர்ஸம்மாவிடம் தான் வரும். 2016-ல் வாசலில் நின்று கத்தினாரே அந்த நர்ஸம்மா, அவரும் பயத்தில் தான் கத்தினார். மேலே உள்ளவர்களுக்கு அவர் பயந்தார். அவருக்கு அந்தத் தாய் பயந்தாள். இரண்டு பயத்துக்கும் நடுவில் ஒரு 1.9 கிலோ குழந்தை கிடந்தது.

லீவு முடிந்து பழைய நர்ஸம்மா வந்தபோது அவருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. மருத்துவமனையில் இருந்து வந்த தாயையும் குழந்தையையும் பார்க்க வந்தார். வழக்கம் போல வாசலில் நிற்கவில்லை. உள்ளே வந்து கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு, "எங்கிட்ட ஏம்மா சொல்லல?" என்று கேட்டார்.

"நீங்க திட்டுவீங்கன்னு தான்க்கா" என்றாள் அவள். அன்றைக்குத் தான் முதல் தடவையாக அவரை அக்கா என்று கூப்பிட்டாள்.

அவர் பதில் ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது தாய் சேய் அட்டையின் பின்பக்கத்தில் தன்னுடைய செல் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த அட்டையை அவள் இன்றைக்கும் ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்திருக்கிறாள்.

அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. அக்காவோடு சண்டை போடுகிறது. அப்பா திருப்பூரில் இருந்து வந்தால் தோளை விட்டு இறங்குவதில்லை. "சரி" என்று சொன்ன அதே அப்பா தான்!

2023-ல் பக்கத்து வீட்டில் ஒரு பிரசவம். தலைச்சன் பிள்ளை, ஆண் குழந்தை. இவள் ஒரு நாள் குழந்தையைப் பார்க்கப் போயிருந்தபோது தெருமுனையில் அதே சத்தம் கேட்டது.

"நர்ஸம்மா வந்திருக்காங்க!"

அந்தச் சின்னப் பெண்ணின் கை தன்னால் பாட்டில் பக்கம் போனது. இவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்கேயே இருக்கட்டும் விடுடி. கேட்டாங்கன்னா உள்ளதைச் சொல்லு. கேக்கலைன்னாலும் நீயாச் சொல்லு."

சொல்லிவிட்டு எழுந்து போய் ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டு வைத்தாள்.